நேத்து நாம ஜெயிச்சோமா?

இந்த 2009இல், அமெரிக்க விளையாட்டுக் கட்டுரையாளர் ஜோ பொஸ்னான்ஸ்கி கேன்சஸ் சிட்டி ஸ்டார் நாளிதழை விட்டு ஸ்போர்ட்ஸ் இல்லஸ்ட்ரேட்டட் வார இதழுக்குப் போகிறார். சிங்கப்பூரில், தோ பாயோவில் இருந்துகொண்டு இதற்கு வருத்தப்படுகிறவர்கள் எனக்குத் தெரிந்து இரண்டே பேர், நானும் அப்பாவும்.

2003 வசந்தத்தில் வேலைக்காகக் கேன்சஸ் சிட்டிக்குப் போனேன், இரண்டு ஆண்டுகள் இருந்தேன். அதுவரை பேஸ்பால் ஆட்டம் ஒன்றைக்கூட முழுதாகப் பார்த்ததில்லை. நான் போய் இறங்கிய நேரம் அந்த ஊர் பேஸ்பால் அணியான ராயல்ஸ் முதல் ஒன்பது ஆட்டங்களையும் வரிசையாக ஜெயித்துவிட்டது, ஊரே தலைகால் புரியாமல் ஆடிக்கொண்டிருந்தது, நானும் இது எப்போதும் இப்படித்தான் போல என்று நினைத்துக்கொண்டேன். ஆண்டு முடிவில் 83 வெற்றி, 79 தோல்வி. அதற்கே கொண்டாடினார்கள். ஏன் என்று அடுத்த ஆண்டு புரிந்தது: 104 தோல்வி.

அந்த 104 தோல்விகளின்போதுதான் நான் பொஸ்னான்ஸ்கியின் வாசகன் ஆனேன். காலையில் வேலைக்குப் போகும் வழியில் பெட்டியில் காசு போட்டு ஸ்டார் வாங்கி முதலில் விளையாட்டுப் பக்கத்தைப் பிரிப்பேன். தோற்கிற அணியைப் பற்றி எழுதுவதில் இரண்டு சுலபமான வழிகள் இருக்கின்றன, ஒன்று திட்டித் தீர்ப்பது, இன்னொன்று கேலி பேசுவது. அவரும் திட்டுவார், ஆனால் வீட்டுப் பிள்ளையைத் திட்டுகிற மாதிரி இருக்கும், சோறு போட்டுக்கொண்டே திட்டுவது. பேஸ்பால் விதிகளை எனக்கு அலுவலக நண்பர்கள் சொல்லிக் கொடுத்தார்கள். அதை எதற்காகப் பார்க்க வேண்டும் என்பதை அவர்தான் சொல்லிக் கொடுத்தார்.

2005இல் திரும்பி வந்த பிறகும் விடவில்லை. கோடையில் சிங்கப்பூர் கேன்சஸ் சிட்டியைவிடப் பதின்மூன்று மணி நேரம் முன்னால் இருக்கிறது, அங்கே நள்ளிரவு என்றால் இங்கே பகல் ஒரு மணி. சாப்பாட்டு நேரத்தில் ஸ்டாரின் இணையப் பக்கத்தைத் திறந்தால் மறுநாள் அவர்கள் காலையில் படிக்கப் போவதை நான் மதியமே படித்துவிடலாம். அந்த ஆகஸ்ட்டில் ராயல்ஸ் தொடர்ந்து 19 ஆட்டங்கள் தோற்றார்கள். அதில் ஒன்று கிளீவ்லாந்துக்கு எதிராக, கடைசியான ஒன்பதாவது இன்னிங்ஸ் தொடங்கும்போது 7-2 என்று முன்னால் இருந்தார்கள், அந்த ஒரே இன்னிங்ஸில் 11 ரன் கொடுத்து 13-7 என்று தோற்றார்கள். இதை இங்கே யாரிடம் போய்ச் சொல்வது? அன்று சாயங்காலம் அப்பாவிடம் சொன்னேன்.

அப்பா அந்தக் காலத்துக் காலாங் ஆள். அங்கிருந்த தேசிய விளையாட்டரங்கில் மழையில் நனைந்துகொண்டே மலேசியக் கிண்ணக் கால்பந்து ஆட்டங்களைப் பார்த்தவர். 1994இல் ஷா ஆலமில் சிங்கப்பூர் அணி பஹாங்கை 4-0 என்று அடித்ததை, அப்பாஸ் சாத் போட்ட மூன்று கோலையும் ஃபாண்டி போட்ட ஒன்றையும், எல்லாரும் சொல்வார்கள். அப்பா அதற்கு முந்தின ஆண்டைப் பற்றித்தான் அதிகம் பேசுவார், இறுதியாட்டத்தில் கெடாவிடம் தோற்றது. மறுநாள் கோப்பிக்கடையில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் பேப்பர் படித்தார்களாம். அதனால் 13-7 அவருக்கு உடனே புரிந்துவிட்டது. "அந்த ஆளு என்ன எழுதியிருக்காரு?" என்றார். படித்துத் தமிழில் சொன்னேன். அப்படித்தான் ஆரம்பித்தது.

ஒரு விஷயத்தை இங்கே சொல்லியாக வேண்டும். ஆங்கிலத்தில் பொஸ்னான்ஸ்கி "ராயல்ஸ் தோற்றார்கள்" என்றுதான் எழுதுவார், பத்திரிகைக்காரர் அப்படித்தானே எழுத முடியும். ஆனால் அப்பாவுக்குச் சொல்லும்போது என் வாயில் "நாம தோத்துட்டோம்ப்பா" என்றே வந்தது. நாங்கள் அல்ல, நாம். கேட்கிறவரையும் சேர்த்துக்கொள்கிற சொல். அந்தக் கட்டுரைகளில் அது எழுதப்படாமலே இருந்தது என்று நினைக்கிறேன், இல்லாவிட்டால் அமெரிக்காவையே பார்க்காத அப்பா, சாயங்காலம் நான் செருப்பைக் கழற்றும்போதே "நேத்து நாம ஜெயிச்சோமா?" என்று கேட்டிருக்க மாட்டார்.

பக் ஓ'நீலைப் பற்றிப் பொஸ்னான்ஸ்கி எழுதியவைதான் அப்பாவுக்கு ரொம்பப் பிடிக்கும். கறுப்பின ஆட்டக்காரர்களைப் பெரிய அணிகளில் சேர்க்காத காலத்தில் கேன்சஸ் சிட்டி மோனார்க்ஸ் அணிக்கு ஆடியவர், பிறகு அதை வழிநடத்தியவர். பொஸ்னான்ஸ்கி ஓராண்டு அவரோடு ஊர் ஊராகச் சுற்றினார். 2006இல் அந்தக் காலத்து மனிதர்கள் 17 பேரை பேஸ்பாலின் புகழ் மண்டபமான ஹால் ஆஃப் ஃபேமுக்குத் தேர்ந்தெடுத்தார்கள், அதில் ஓ'நீல் பெயர் இல்லை. அந்தப் பதினேழு பேரில் ஒருவர்கூட உயிரோடு இல்லாததால் ஜூலையில் அந்த மண்டபம் இருக்கிற கூப்பர்ஸ்டவுனில் நடந்த விழாவில் அவர்கள் சார்பாகப் பேசியது ஓ'நீல்தான். தொண்ணூற்று நான்கு வயது. தன்னை விட்டுவிட்ட மேடையில் ஏறி, கூட்டத்தைக் கைகோக்கச் சொல்லிப் பாட வைத்தார். அக்டோபரில் இறந்துவிட்டார். அந்த நாட்களில் நான் படித்துக் காட்ட, அப்பா கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்.

இப்போது பொஸ்னான்ஸ்கி போகிறார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பிப்ரவரியில் ராக்கி மவுண்டன் நியூஸ் மூடப்பட்டது, மார்ச்சில் சியாட்டல் போஸ்ட் இன்டெலிஜென்சர் அச்சிடுவதை நிறுத்தியது, இந்த 2009இல் அமெரிக்க நாளிதழில் வேலை பார்க்கிறவருக்கு நல்ல இடத்திலிருந்து அழைப்பு வந்தால் போகத்தான் வேண்டும். ஸ்டாரில் பதின்மூன்று ஆண்டுகள் எழுதியிருக்கிறார். அதுவும் 1954இலிருந்து வருகிற ஸ்போர்ட்ஸ் இல்லஸ்ட்ரேட்டட்! விளையாட்டைப் பற்றி எழுதுகிறவர்களுக்கு அதைவிடப் பெரிய வாசல் அந்த நாட்டில் இல்லை.

ஆனாலும் இந்த மே மாதம் அதே இதழில் ஜாக் கிரெய்ன்கியைப் பற்றி அவர் எழுதியதைப் படித்தபோதே எனக்கு ஏதோ உறுத்தியது. கிரெய்ன்கி ராயல்ஸின் பந்துவீச்சாளர், 2006இல் மனப்பதற்றத்தால் ஆட்டத்தை விட்டே விலகியிருந்து திரும்பியவர், இந்த ஆண்டு அவர் பந்தை யாராலும் அடிக்க முடியவில்லை. கட்டுரை அருமை. ஆனால் கிரெய்ன்கி யார், ராயல்ஸ் எப்படிப்பட்ட அணி என்று எல்லாவற்றையும் விளக்க வேண்டியிருந்தது, ஏனென்றால் படிக்கிறவர் பாஸ்டனிலோ டெக்ஸஸிலோ இருப்பார். வீட்டுக்கு வந்த விருந்தாளிக்கு நம் வீட்டுக் கதையைச் சொல்கிற மாதிரி. ஸ்டாரில் அவருக்கு அந்த விளக்கம் தேவைப்பட்டதே இல்லை, தோற்ற இரவை அவரும் வாசகரும் சேர்ந்தே கழித்திருந்தார்கள். இனி அவர் இன்னும் நன்றாகவே எழுதக்கூடும். ஆனால் அந்த "நாம்" போய்விடும், அது எனக்குப் பெரிய இழப்பாகத்தான் தெரிகிறது.

அப்பாவிடம் நேற்றுச் சொன்னேன். "அவரு பேப்பர விட்டுட்டுப் போறாருப்பா, நாடு முழுக்கப் படிக்கிற புத்தகத்துக்கு."

"நல்லதுதானே, பெரிய வேலை." பால் விடாத தே ஓவை இரண்டு மடக்குக் குடித்தார். அப்புறம், "அந்த ஊர்க்காரங்க என்ன பண்ணுவாங்க?" என்றார்.

எனக்குப் பதில் தெரியவில்லை. அந்தக் கிழவர் ஓ'நீலைப் பற்றி எழுதியதை இன்னொரு முறை படித்துக் காட்டச் சொல்லியிருக்கிறார். அச்செடுத்து வைத்திருக்கிறேன், ராத்திரி சாப்பிட்டதும் படிக்க வேண்டும். இன்னிங்ஸ் என்பதற்கு இத்தனை ஆண்டுகளில் அப்பாவுக்குப் பிடித்த ஒரு தமிழ்ச் சொல் எனக்குக் கிடைக்கவில்லை, அவரே "முறை" என்று சொல்லிக்கொள்கிறார்.