கடைசி வரி வரை தெரிந்த கண்

சர்க்கரை வந்து 9 வருடம் ஆகிறது. கண் பரிசோதனை என்றால் கண்ணாடிக் கடையில் உட்கார்ந்து எழுத்துப் பலகையைக் கடைசி வரி வரை வாசித்துவிட்டு எழுந்து வருவதுதான் என்று அத்தனை வருடமும் நினைத்திருந்தேன். போன தை மாதம் பக்கத்துத் தெரு மண்டபத்தில் சர்க்கரை நோய் முகாம் போட்டார்கள். கால் மரத்துப்போவதைக் காட்டத்தான் போனேன். வரிசை அப்படியே, கண்ணின் உள்ளே பின்பக்கம் இருக்கிற விழித்திரையைப் படம் எடுக்கிற மேசைக்கு நகர்ந்தது.

சொட்டு மருந்து விடாமலே எடுக்கிற கேமரா. ஜன்னலில் போர்வையைக் கட்டி இருட்டாக்கி இருந்தார்கள். "தாடையை இதுல வைங்கண்ணே, பச்சைப் புள்ளியைப் பாருங்க" என்றார் ஒரு பையன். பளிச், பளிச். படத்தை மென்பொருளே பார்த்து முடிவைச் சொல்லிவிடுமாம். என் சீட்டில் இரண்டு கண்ணுக்கும் ஒரே பதில்: 'படத்தின் தரம் போதாது. கண் மருத்துவரைப் பார்க்கவும்.'

"கண்மணி சின்னதா இருக்குண்ணே, படம் விழல. மத்தபடி ஒண்ணும் இல்ல" என்றார் பையன். அந்தக் கடைசி மூன்று சொல் மட்டும்தான் என் காதில் ஏறியது. சீட்டைச் சட்டைப் பையில் வைத்தேன், மறந்தேன். துவைக்க எடுத்தபோது என் மனைவி படித்துவிட்டு வந்தாள். "ஒண்ணும் இல்லன்னு இதுல எங்கங்க போட்டிருக்கு? பாக்க முடியலன்னுல்ல போட்டிருக்கு!"

அவள் சொன்னதுதான் சரி. மென்பொருள் தனக்குத் தெரியவில்லை என்று ஒழுங்காகத்தான் சொல்லியிருக்கிறது. இந்த வகை மென்பொருளுக்கு நம் ஊர்க் கண்களும் பாடம் சொல்லிக் கொடுத்திருக்கின்றன. கூகுள் குழு 2016-இல் வெளியிட்ட ஆய்வில் பயிற்சிக்குக் கொடுத்த 1,28,175 படங்களில் அரவிந்த், சங்கர நேத்ராலயா கண் மருத்துவமனை நோயாளிகளின் படங்களும் உண்டு. அப்படிப் படம் பார்த்துப் பழகுகிற மென்பொருளே ஒதுங்கிக்கொண்டதை நான்தான் நல்ல செய்தியாக எடுத்துக்கொண்டேன்.

அப்புறம் மதுரையில் ஒரு கண் மருத்துவமனைக்குப் போனோம். போகிறவர்கள் தயவுசெய்து பைக்கில் போகாதீர்கள். கண்மணியை விரிக்கச் சொட்டு மருந்து விட்டார்கள். சுருக்கென்று எரிந்தது. கண்ணை மூடிக்கொண்டு அரை மணி நேரம் உட்கார்ந்தேன். திறந்தால் செல்போனில் ஓர் எழுத்தும் ஓடவில்லை. இந்த முறை படம் சுலபமாக விழுந்தது. ஒவ்வொரு பளிச்சுக்கும் பிறகு கொஞ்ச நேரம் எங்கே பார்த்தாலும் ஊதாத் திட்டு. அடுத்தது ஓ.சி.டி. அதில் கண் கூசவில்லை. அகச்சிவப்பு ஒளி உள்ளே போய்த் திரும்பி வருவதை வைத்து, விழித்திரையைக் குறுக்கே வெட்டிப் பார்த்ததுபோலப் படம் தருகிறது.

டாக்டர் திரையைத் திருப்பிக் காட்டினார். ஆரஞ்சு நிறத்தில் ஒரு வட்டம். ஓரத்தில் நிலா மாதிரி வெளிறிய நரம்பு முனை. அதிலிருந்து கிளை கிளையாக ரத்தக் குழாய்கள். அழகாகத்தான் இருந்தது. "இப்ப பச்சைக்கு மாத்துறேன், பாருங்க" என்று எதையோ தட்டினார். சிவப்போடு சிவப்பாக ஒளிந்திருந்ததெல்லாம் சிதறிய கடுகுபோலக் கறுப்பாகத் தெரிந்தது. எண்ணத் தொடங்கி, பன்னிரண்டில் நிறுத்திவிட்டேன். சர்க்கரையால் மெல்லிய குழாய்களின் சுவர் பலவீனமாகிப் புடைத்த இடங்களும் ரத்தம் கசிந்த இடங்களுமாம்.

"எனக்குக் கடைசி வரி வரைக்கும் தெரியுதே டாக்டர்?"

"தெரியும் சார். விழித்திரையோட நடுவுல நோய் கை வைக்காத வரைக்கும் தெரியும்."

ஓ.சி.டி. படத்தில் அடுக்கடுக்கான கோடுகளுக்கு நடுவே ஒரு சின்னப் பள்ளம். அதுதான் அந்த நடு. நீர் கோத்தால் அந்தப் பள்ளம் மேடாகிவிடுமாம். எனக்குப் பள்ளம் பள்ளமாகவே இருக்கிறது. அதனால் இப்போதைக்கு ஊசியும் இல்லை, லேசரும் இல்லை. மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை (HbA1c) 9.1 சதவீதம் இருந்ததற்குத்தான் திட்டு விழுந்தது. 6 மாதம் கழித்து மறுபடி படம் எடுத்து, பழையதோடு ஒப்பிட வேண்டும்.

வெளியே வந்தால் பங்குனி வெயில் கண்ணுக்குள் ஊற்றியது. மனைவி தோளைப் பிடித்துக்கொண்டு ஆட்டோ வரை நடந்தேன். சாயங்காலம் அண்ணனுக்குப் போன் போட்டேன். அவருக்குச் சர்க்கரை 14 வருடம். "எனக்கென்னடா, கண்ணாடி இல்லாமலே பேப்பர் படிக்கிறேன்" என்றார். வருகிற செவ்வாய்க்கிழமை அவரையும் கூட்டிக்கொண்டு போகிறேன், பஸ்ஸில்.