பாதியில் நிற்கும் காப்பு நகல்

மார்ச் 4, 2025, செவ்வாய்

போஸ்ட்கிரஸ் தரவுத்தளத்தின் காப்பு நகல் நேற்றிரவும் பாதியில் நின்றிருக்கிறது. சில இரவுகளில் ஒழுங்காக முடிகிறது, சில இரவுகளில் இல்லை. தினமும் தோற்றால் எளிதில் பிடித்துவிடலாம். நினைத்தபோது வரும் கோளாறுதான் உயிரை வாங்குகிறது. "தோற்றால் மறுபடி ஓடும்படி வைத்துவிடுங்கள்" என்றார் மேலாளர். "பார்க்கிறேன் சார்" என்றேன். செய்வதாக இல்லை.

கோப்பின் அளவு குறைந்ததை வைத்துத்தான் இதுவே தெரிந்தது. குறித்த நேரத்தில் வேலையை ஓட்டும் கிரான் ஒருநாளும் புகார் சொன்னதில்லை. தரவை நகலெடுக்கும் பிஜி_டம்ப் நிரல் தருவதை ஜிஜிப் நிரல் வாங்கிச் சுருக்குகிறது. இரண்டையும் ஓட்டும் ஷெல்லோ கடைசிக் கட்டளையின் முடிவை மட்டுமே பார்க்கிறது. டம்ப் நடுவழியில் செத்தாலும், வந்தவரை சுருக்கிவிட்டு ஜிஜிப் வெற்றி என்று கையெழுத்திடுகிறது. ஜிஜிப்பின் சொந்தச் சோதனையும் அந்த அரைகுறைக் கோப்பை நல்லது என்றே சொல்லும்! தொடரில் எந்தக் கட்டளை தோற்றாலும் தோல்வி என்று சொல்லவைக்கும் பைப்ஃபெயில் அமைப்பை ஸ்கிரிப்டின் தொடக்கத்தில் சேர்த்தேன். முழு டம்ப்பின் இறுதியில் வரும் 'டம்ப் கம்ப்ளீட்' வரியைத் தேடவும் ஏற்பாடு செய்தாயிற்று.

மார்ச் 5, புதன்

முதன்மைச் சர்வரின் மாற்றங்களை வாங்கித் தன்னிலும் பூசிக்கொள்ளும் துணைச் சர்வரில்தான் டம்ப் ஓடுகிறது. அதன் லாகில் காரணம் கிடைத்தது. மீட்புப் பணியோடு, அதாவது அந்தப் பூசும் வேலையோடு, மோதியதால் கட்டளை ரத்தானதாம். நீக்கப்பட வேண்டிய பழைய வரிசைகள் அந்தக் கட்டளைக்குத் தேவைப்பட்டிருக்கலாமாம். ஆக, வட்டும் நெட்வொர்க்கும் நிரபராதிகள்.

மார்ச் 6, வியாழன்

முதன்மைச் சர்வருக்குச் சுமை கூடாதென்று நகலைத் துணைச் சர்வரிலிருந்து எடுக்கிறோம். டம்ப் தொடங்கிய கணத்தில் தரவு எப்படி இருந்ததோ, அப்படியே கடைசிவரை பார்க்க வேண்டும். இதற்கிடையில் முதன்மையில் ஆட்டோவேக்கம் என்ற தானியங்கித் துப்புரவு பழைய வரிசைகளைத் துடைத்தால், அந்தத் துடைப்பு துணைக்கும் வந்து சேரும். துணை 30 விநாடி பொறுக்கும். அதுதான் இயல்பு அமைப்பு. பிறகு டம்ப்பின் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளிவிடும்.

சில இரவுகளில் மட்டும் ஏன்? ஒரு அட்டவணையில் ஏறத்தாழ 20 சதவீத வரிசைகள் பழசாகிச் செத்த பிறகே ஆட்டோவேக்கம் அதைத் தொடும். எங்கள் பெரிய பில்லிங் அட்டவணை அந்த எல்லையை எட்ட நாளாகும். எட்டும் நேரம் டம்ப் ஓடும் நேரமாக அமைந்தால் தீர்ந்தது. துணைச் சர்வரின் மோதல் கணக்கில் பூட்டுத் தகராறு ஒன்றுகூட இல்லை, எல்லாமே ஸ்னாப்ஷாட் மோதல்கள், அதாவது தொடக்கக் கணத்தின் பழைய வரிசைகளைத் துடைப்பதால் வருபவை.

மார்ச் 7, வெள்ளி

இரண்டு வழிகள். துணைக்கு இன்னும் தேவைப்படும் பழைய வரிசைகளை முதன்மைக்குத் தெரிவிக்கும் ஹாட்_ஸ்டாண்ட்பை_ஃபீட்பேக்கை இயக்கினால், டம்ப் முடியும்வரை முதன்மை குப்பையைச் சேர்த்து வைத்திருக்கும். அட்டவணை ஊதும், முதன்மையைத் தொந்தரவு செய்யக்கூடாது என்ற ஆரம்ப நோக்கமே அடிபடும். அடுத்தது, துணையின் பொறுமையை நீட்டுவது. அதுவரை துணை பின்தங்கும். நள்ளிரவில் அங்கே அறிக்கை பார்ப்பவர் யாருமில்லை. முதன்மை விழுந்தாலும், வந்து சேர்ந்த மாற்றங்கள் துணையின் வட்டில் பத்திரமாக இருக்கும்; அவற்றைப் பூசி முடிக்கச் சற்று நேரமாகும், அவ்வளவே.

இரண்டாவதைத் தேர்ந்து, அந்தப் பொறுமையின் அளவான மேக்ஸ்_ஸ்டாண்ட்பை_ஸ்ட்ரீமிங்_டிலேயை 3 மணி நேரமாக்கினேன். ரீலோடு போதும், ரீஸ்டார்ட் தேவையில்லை.

மார்ச் 12, புதன்

நேற்றிரவு டம்ப்பின் நடுவிலேயே பில்லிங் அட்டவணையில் ஆட்டோவேக்கம் ஓடியிருக்கிறது. துணை பின்தங்கியது, டம்ப் முடிந்தது, விடியுமுன் துணை எட்டிப் பிடித்துவிட்டது. அந்த நகலைச் சோதனைச் சர்வரில் ஏற்றிப் பார்த்தேன், பிழையின்றி ஏறியது. பழைய அரைகுறைக் கோப்புகளை நீக்க மேலாளர் ஒப்புதல் தந்துவிட்டார். மறுமுயற்சி யோசனையை மட்டும் இன்னும் விடவில்லை.