நஞ்சுக்கொடியில் கை வைக்காமல் இருப்பது

பழைய சிசேரியன் தழும்புக்குள் நஞ்சுக்கொடி ஊடுருவிய பிரசவங்களில் நிலைமை கைமீறுவது பெரும்பாலும் ஒரே காரணத்தால்தான்: யாராவது அதைப் பிரித்துப் பார்க்க முயல்கிறார்கள். நிறைமாதக் கருப்பைக்கு நிமிடத்துக்கு 500 முதல் 700 மில்லி ரத்தம் போகிறது. சாதாரணமாக நஞ்சு பிரிந்ததும் தசை சுருங்கி நாளங்களை நெரித்து மூடிவிடும். இங்கே பிரிய வேண்டிய படலமும் இல்லை, நெரிக்கப் போதுமான தசையும் இல்லை.

அதனால் வயிற்றைத் திறந்ததும் கருப்பையை வெட்டாமல் முதலில் நின்று பார்க்க வேண்டும். கீழ்ப்பகுதி உப்பி, ஊதா நிறமேறி, சிறுநீர்ப்பைக்குப் பின்னால் புடைத்த நாளங்கள் பின்னிக் கிடந்தால் சந்தேகமே வேண்டாம். உறை போட்ட ஸ்கேன் புரோபைக் கருப்பை மேலேயே வைத்து நஞ்சின் விளிம்பைக் கண்டுபிடித்து, அதைத் தாண்டி மேலே, தேவைப்பட்டால் உச்சியிலேயே வெட்டிக் குழந்தையை எடுக்கிறோம். தொப்புள்கொடியைக் கட்டி உள்ளே விட்டு, கருப்பையை வேகமாகத் தைத்து மூடிவிட்டு, நஞ்சோடு சேர்த்து அதை அகற்றும் வேலைக்குப் போகிறோம். கருப்பையைச் சுருங்கவைக்கும் ஆக்ஸிடோசின் மருந்து இப்போது வேண்டாம் என்று மயக்க மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். இல்லையென்றால் பழக்கத்தில் ஊசி ஏறிவிடும். சுருங்கும் கருப்பை நஞ்சை ஓரிடத்தில் பிய்த்துவிடும்.

பொறுமையைச் சோதிப்பது சிறுநீர்ப்பைதான். தழும்பு ஒட்டிக் கிடக்கும் நடுப்பகுதியில் தொடங்கினால் நேராக நஞ்சுக்குள்ளேயே போய் நிற்போம். பக்கவாட்டில் தொடங்கி, யூரிட்டரை (சிறுநீரகத்திலிருந்து சிறுநீர்ப்பைக்கு வரும் குழாயை) கண்ணால் பார்த்துவிட்டு, மெல்ல நடுவுக்கு வருவதே சரி. சிறுநீர்ப்பையில் 200 மில்லி சலைன் நிரப்பினால் அதன் எல்லை தெளிவாகும். குறுக்கே வரும் பெரிய நாளங்களை ஒவ்வொன்றாகக் கட்டி வெட்ட வேண்டும். அவற்றின் சுவர் மெல்லியது. சூட்டால் கருக்கி நாளத்தை மூடும் காட்டரியை மட்டும் நம்பினால் கருகிய முனை பிய்ந்து மறுபடி கொட்டும். நஞ்சு சிறுநீர்ப்பைக்குள்ளேயே புகுந்திருந்தால், கிழிய விடுவதைவிட மேற்பகுதியில் நாமே திறந்து உள்ளே பார்த்து வேலை செய்வது நல்லது.

இடுப்புக்குள் ரத்தம் கொண்டுவரும் உள் இலியாக் தமனியைக் கட்டிவிட்டால் போதும் என்ற நம்பிக்கை பல இடங்களில் இருக்கிறது. அது நாடியழுத்தத்தைக் குறைக்குமே தவிர ஓட்டத்தை நிறுத்தாது. சுற்றுவழிக் கிளைகள் ரத்தத்தைக் கொண்டுவந்துகொண்டே இருக்கும். கட்டினால், காலுக்குப் போகும் தமனியைத் தவறிக் கட்டிவிடவில்லை என்று உறுதிசெய்ய, முன்னும் பின்னும் தொடைத் தமனியின் துடிப்பைத் தொட்டுப் பார்த்தே ஆக வேண்டும். ரத்தம் குபுகுபுவென்று வரும் நேரத்தில் மகாதமனியை முஷ்டியால் முதுகெலும்போடு அழுத்திப் பிடிப்பது அதைவிட வேகமாகக் கைகொடுக்கும். மயக்க மருத்துவர் ரத்தம் ஏற்றிச் சமாளிக்கும் அவகாசம் அதில் கிடைக்கிறது.

ரத்த இழப்பைக் கண்ணால் மதிப்பிட்டால் பெரும்பாலும் குறைவாகவே சொல்வோம். ரத்தத்தை ஒற்றியெடுக்கும் துணிகளான மாப்களை எடைபோட்டு, காய்ந்த எடையைக் கழித்து, 1 கிராமுக்கு 1 மில்லி என்று கணக்கிட வேண்டும். பனிக்குட நீரைத் தனி ஜாடியில் பிடிக்க வேண்டும். கால்களை அகட்டி வைத்திருந்தால்தான் துணிக்கடியில் யோனி வழியாகப் போகும் ரத்தம் தெரியும்.

உறைந்த ரத்தம் கரையாமல் தடுக்கும் டிரனெக்சாமிக் அமிலம் 1 கிராம், 10 நிமிடத்தில் ஏற்ற வேண்டும். 30 நிமிடத்துக்குப் பிறகும் ரத்தம் நிற்காவிட்டால் இன்னொரு கிராம். சிவப்பணு, பிளாஸ்மா, தட்டணு மூன்றும் சமவிகிதத்தில் போக வேண்டும். ரத்தம் உறையத் தேவையான புரதமான ஃபைப்ரினோஜென் டெசிலிட்டருக்கு 200 மில்லிகிராம் என்று வந்தால் பரிசோதனைக்கூடத் தாளில் அது இயல்பாகவே தெரியும். நிறைமாதத்தில் 400க்கு மேல் இருக்க வேண்டியது அது. அந்தப் புரதம் செறிந்த ரத்தப் பொருளான கிரையோவுக்கு (கிரையோபிரெசிபிடேட்) அப்போதே சொல்லிவிட வேண்டும். ஏற்றும் ரத்தம் பையில் உறையாமலிருக்கச் சேர்க்கும் சிட்ரேட் உடலின் கால்சியத்தைக் கட்டிவிடுவதால் கால்சியத்தையும் கொடுக்க வேண்டும், உடல் வெப்பம் 36 டிகிரிக்குக் கீழே போகவும் விடக்கூடாது. குளிர்ந்த உடம்பில் எந்த ரத்தமும் சரியாக உறையாது.

ரத்தமும் ஆளும் இல்லாத இடத்தில், முன்பே தெரியாமல் வயிற்றைத் திறந்த பிறகு இதைப் பார்த்தால்? தாய்க்கு ரத்தப்போக்கு இல்லை, குழந்தையின் துடிப்பும் நன்றாக இருக்கிறது என்றால், கருப்பையைத் தொடாமல் சூடான மாப்பால் மூடி உதவிக்குக் காத்திருக்கலாம், அல்லது வயிற்றைத் தைத்து மூடிப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்பலாம். அதைத் தோல்வியாகப் பார்க்கும் சக ஊழியர்கள் உண்டு. அந்தத் தாய்க்கு அன்று செய்யக்கூடிய மிகச் சரியான அறுவை சிகிச்சை அதுவாகவே இருக்கும்.