ஐந்தரை கிராம் உயிர்

2022 நவம்பரில் என் மகனுடைய கார்ன் ஸ்நேக் 14 முட்டை இட்டது. அமெரிக்காவின் தென்கிழக்குப் பக்கத்துப் பாம்பு, விஷம் கிடையாது. நம்ம ஊர்ச் சாரைக்குத் தூரத்துச் சொந்தம் என்று மாமியாரிடம் சொல்லித்தான், தென்னாப்பிரிக்காவில், ஜோகன்னஸ்பர்க் பக்கத்து லெனேசியாவில் எங்கள் வீட்டுக்குள் அதை வைத்துக்கொள்ள முன்பே சம்மதம் வாங்கியிருந்தோம். தெர்மோகோல் பெட்டியில் ஈரமான வெர்மிகுலைட்டை, அதாவது ஈரம் தாங்கும் கனிமத் துகளைப் பரப்பி, 28 டிகிரி சூட்டில் முட்டைகளை வைத்தான். பாம்பு முட்டையைப் புரட்டக் கூடாது. அதற்காக ஒவ்வொன்றின் மேல்பக்கத்திலும் பென்சிலால் ஒரு புள்ளி.

ஜனவரி நடுவில் பொரிய ஆரம்பித்தன. தோல் போன்ற ஓட்டை மூக்கு நுனியிலிருக்கும் முட்டைப்பல்லால் கீறி, மூக்கை மட்டும் நீட்டிக்கொண்டு ஒரு நாள் முழுக்கக் கிடக்கும், அப்புறம் வழுக்கிக்கொண்டு வெளியே வரும். இரண்டே நாளில் 11 குட்டிகள் வந்துவிட்டன. இரண்டு முட்டை கெட்டுப்போயின. மிச்சமிருந்த ஒன்றில் கீறல் விழுந்தும் ஆள் வரவில்லை. மூன்றாம் நாள் காலை, காய்ந்த மிளகாய் அளவுக்கு ஒரு குட்டி வெளியே கிடந்தது. வயிற்றில் பட்டாணி அளவு மஞ்சள் கரு ஒட்டித் தொங்கியது. வால் பக்கம் இரண்டு இடத்தில் முதுகெலும்பு கோணியிருந்தது. மகன் அதற்கு மிளகாய் என்றே பெயர் வைத்தான்.

அந்தக் கருவை இழுக்கவோ வெட்டவோ கூடாது. குட்டியின் ரத்தக்குழாய்கள் அதில் ஓடுகின்றன, அதன் சாப்பாடும் அதுதான். மரத்தூள் விரித்தால் கருவில் ஒட்டிக்கொள்ளும். சின்ன டப்பாவில் ஈரமான சமையலறைக் காகிதம் விரித்து, இருட்டில் வைத்து, காலையும் மாலையும் காகிதத்தை மாற்றினோம். வேறு எதுவும் செய்யவில்லை. எனக்கு அதுதான் கஷ்டமாக இருந்தது. பிள்ளை சோர்ந்து கிடந்தால் எதையாவது ஊட்டிப் பழகிய கை இது. நான்கு நாளில் கரு உள்ளே போய்விட்டது. ஆனால் தொப்புள் மூடவில்லை, சிவந்து வீங்கியிருந்தது.

முதலில் போன கிளினிக்கில் நாய், பூனை மட்டும்தான் பார்ப்பார்கள். அங்கிருந்த ஒருவர், “இதெல்லாம் பிழைக்காது, வெளியே விட்டுவிடுங்கள்” என்றார். எனக்கு அடிவயிறு எரிந்தது. வெளிநாட்டுப் பாம்பை இந்த மண்ணில் விடுவது அதற்கும் கேடு, இங்கே இருக்கிற உயிர்களுக்கும் கேடு. ஒரு மணி நேரம் கார் ஓட்டி, ஊர்வன பார்க்கும் டாக்டரிடம் போனோம். அவர் முதல் வேலையாகத் தராசில் வைத்தார். 5.4 கிராம். தொப்புளில் கிருமித் தொற்று என்று ஊசி போட்டார். போவிடோன் அயோடின் என்ற கிருமிநாசினியை வெளிறிய டீ நிறம் வரும்வரை தண்ணீரில் கலந்து, தினம் இரண்டு வேளை பஞ்சால் ஒற்றச் சொன்னார். முட்டை இருந்த சூடு ஏறி இறங்கியிருந்தால் எலும்பு இப்படிக் கோணலாம், சாப்பிட்டது வெளியே போக வழி இருந்தால் வாழ்ந்துவிடும் என்றார். முதல் சட்டையை உரிக்கும்வரை இரை காட்டவே வேண்டாம், உள்ளே போன கரு தாங்கும்.

சூடு ஏறி இறங்கியது என்றதும் மின்வெட்டுதான் நினைவுக்கு வந்தது. அந்த ஜனவரியில் லோட்ஷெடிங், அதாவது இந்த நாட்டில் முறை வைத்து கரண்டை நிறுத்துவது, ஆறாம் கட்டம். ஒரு நாளில் பல முறை, சில சமயம் நான்கு மணி நேரம் சேர்ந்தாற்போல் கரண்ட் இருக்காது. கடலோர டர்பன் வெக்கையில் இருக்கிறவர்களுக்கு இது புரியாது. இங்கே உயரத்தில், மழை பெய்தால் கோடை ராத்திரியிலும் குளிரும். டப்பாவுக்குச் சூடு தரும் ஹீட் மேட் அணைந்தால் டப்பா கொஞ்ச நேரத்தில் 20 டிகிரிக்கு இறங்கிவிடும். முட்டை இருந்த தெர்மோகோல் பெட்டிக்குள்ளேயே டப்பாவை வைத்து, கேஸ் அடுப்பில் வெந்நீர் போட்டு, வெந்நீர்ப் பையைத் துண்டில் சுற்றிப் பக்கத்தில் வைத்தோம். நேராக ஒட்டி வைத்தால் தோல் வெந்துவிடும். ராத்திரி இரண்டு மணிப் பையை மாமியார் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டார். நாங்கள் கேட்கவில்லை.

இதற்கு நடுவில் காவடி விரதம். பிப்ரவரி 5 தைப்பூசம், என் கணவர் காவடி எடுக்கிறார். பத்து நாள் வீட்டில் கவிச்சி கிடையாது, பாத்திரம்கூடத் தனி. ஃப்ரீசரிலோ ஒரு பொட்டலம் எலிக்குஞ்சு! “வெரதத்துல இதெல்லாம் வீட்டுல இருக்கலாமா, கண்ணு?” என்றார் மாமியார். நியாயம்தானே. பக்கத்து வீட்டு ஃபாத்திமா ஆண்டி ஐஸ்கிரீம் டப்பாவில் போட்டுத் தன் கராஜ் ஃப்ரீசரில் வைத்துக்கொண்டார். மற்ற குட்டிகளுக்கும் அங்கேதான் இரை வைத்தோம்.

பதின்மூன்றாம் நாள் மிளகாய் சட்டை உரித்தது. தொப்புளும் மூடியிருந்தது. வெதுவெதுப்பான தண்ணீரில் உருகவைத்த எலிக்குஞ்சோடு ஓட்டை போட்ட தயிர் டப்பாவில் ராத்திரி முழுக்க விட்டோம். தொடவில்லை. நான்கு நாள் கழித்து மறுபடியும், தொடவில்லை. டாக்டர் போனில் சொன்னபடி, எலிக்குஞ்சின் தலையை ஊசியால் குத்தி வாடை வரச் செய்தோம். தைப்பூசத்துக்கு மறுநாள் விழுங்கியது. அன்று ராத்திரி கேபிள் கோளாறும் சேர்ந்துகொள்ள ஏழு மணி நேரம் கரண்ட் இல்லை. வெந்நீர்ப் பை போதவில்லை. அடுத்த நாள் இரையைக் கக்கிவிட்டது. எடை சரியாக 5 கிராம்.

கக்கின பாம்புக்கு உடனே இரை வைத்தால் மறுபடியும் கக்கும். உணவுக்குழாய் புண்ணாகியிருக்கும், உடம்பில் நீரும் குறைந்துவிடும். பத்து நாள் தண்ணீர் மட்டும்தான். தோல் சுருங்கியிருந்தபோது, அதன் உடம்பில் பாதி நனைகிற அளவுக்கு வெதுவெதுப்பான தண்ணீரில் கால் மணி நேரம் விட்டோம். மகன் பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் பையைக்கூட இறக்காமல் டப்பாவைத் திறப்பான்.

பிப்ரவரி 18 அன்று பாதி எலிக்குஞ்சு மட்டும் வைத்தோம். மின்வெட்டு அட்டவணை பார்த்து, கரண்ட் வந்த கையோடு கொடுத்தோம், அடுத்த வெட்டுவரை சூடு நிற்கட்டும் என்று. விழுங்கியது. கக்கவில்லை. ஆனால் கோணிய இடத்தைத் தாண்டி வெளியே வருமா என்பதுதான் கேள்வி. நான்காம் நாள் ராத்திரி, வீடு இருட்டாக இருந்தபோது மகன் கத்தினான். காகிதத்தில் கடுகு அளவு கழிவு, ஓரத்தில் வெள்ளையாக யூரிக் அமிலம்.

“தொட்டா கைய நல்லா கழுவு” என்றார் மாமியார், பூஜை அறையிலிருந்தே. அப்புறம் டார்ச்சை எடுத்துக்கொண்டு அவரே வந்து, டப்பாவின் மேல் பிடித்தபடி வெகுநேரம் நின்றார்.