மீசோதீலியோமா: மருத்துவரிடம் சொல்ல மறந்துபோகும் பழைய வேலை

ஆஸ்பெஸ்டாஸ் தூசு உள்ளே போய் பெரும்பாலும் 20 முதல் 50 வருடம் கழித்துத்தான் மீசோதீலியோமா என்ற இந்தப் புற்றுநோய் வெளியே தெரியும். அதனால்தான் பலரும் இரண்டையும் முடிச்சுப் போட்டுப் பார்ப்பதே இல்லை.

இது நுரையீரல் புற்றுநோய் அல்ல. நுரையீரலைப் போர்த்தியிருக்கும் மெல்லிய உறையில் வருவது. சிலருக்கு வயிற்று உறையிலும் வரும். சிகரெட் இதற்குக் காரணமில்லை. 1960இல் தென்னாப்பிரிக்காவில் வாக்னர் என்ற மருத்துவரும் சகாக்களும் இந்த நோய் வந்த 33 பேரைப் பற்றி எழுதினார்கள். ஆஸ்பெஸ்டாஸ் சுரங்கத்தில் வேலையே பார்க்காமல் பக்கத்தில் குடியிருந்தவர்களும் அதில் உண்டு. வேலை உடுப்பை உதறித் துவைத்தவருக்குக்கூட வரலாம்.

பெரும்பாலும் ஒரு பக்க நெஞ்சில் நீர் கோர்க்கும். மூச்சு வாங்கும், மந்தமாக வலிக்கும், எடை குறையும். ஊசியால் எடுத்த நீரில் புற்றணு தென்படாமல் போவது சகஜம். 'நெகட்டிவ்' என்றதும் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். நீர் மறுபடி சேர்ந்தால், தொராக்கோஸ்கோப்பி (நெஞ்சில் சிறு துளையிட்டு கேமராக் குழாய் விட்டுப் பார்ப்பது) வழியாக உறையிலிருந்தே சதை எடுத்து பயாப்ஸி செய்யலாமா என்று கேளுங்கள். புற்றணு எபிதீலியாய்டு வகையா, சார்கோமடாய்டு வகையா, இரண்டும் கலந்ததா என்பது அதில்தான் உறுதியாகும். சிகிச்சையும் அதைப் பொறுத்தே.

பெமெட்ரெக்ஸெட் என்ற மருந்தில் கீமோ என்றால், சுமார் ஒரு வாரம் முன்பே ஃபோலிக் அமிலமும் பி12 ஊசியும் தொடங்க வேண்டும். தவறினால் ரத்த அணுக்கள் சரிந்து, வாய்ப்புண்ணும் படுத்தும். நிவோலுமாப், இபிலிமுமாப் மருந்துகள் சேர்ந்த இம்யூனோதெரபியும் (உடலின் எதிர்ப்புச் சக்தியையே புற்றுக்கு எதிராகத் தூண்டும் சிகிச்சை) இப்போது இருக்கிறது.

முதல் சந்திப்பிலேயே எல்லா வேலையையும் சொல்லுங்கள்: கப்பல் பட்டறை, பாய்லர், பிரேக் லைனிங், கூரை ஷீட் அறுத்தது. அப்பா பார்த்த வேலையையும் சேர்த்து.