உளுத்த தொகுதி

வரலாற்றுக் கலைக்களஞ்சியம் ஒன்றில் நான் பதிப்பு உதவியாளராகச் சேர்ந்த புதிது. ஓல்டு சாரம் என்ற பழைய பிரிட்டிஷ் நாடாளுமன்றத் தொகுதி பற்றிய கட்டுரையைத் தமிழில் எழுதக் கொடுத்தார்கள்.

இங்கிலாந்தில் சாலிஸ்பரிக்குப் பக்கத்தில் ஒரு மேடு. ஒரு காலத்தில் கோட்டையும் பேராலயமும் இருந்த ஊர். 1220இல் கீழே சமவெளியில் புதுப் பேராலயம் கட்டத் தொடங்கினார்கள். ஜனங்களும் மெல்ல மெல்ல இறங்கிப் போய்விட்டார்கள். தொகுதி மட்டும் மேட்டிலேயே தங்கிவிட்டது. குடியிருக்க ஆளில்லாத அந்த இடம் 1832 வரை இரண்டு உறுப்பினர்களை அனுப்பிக்கொண்டிருந்தது. மான்செஸ்டருக்கு அதுவரை ஒருவர்கூட இல்லை! படிக்கப் படிக்க எனக்கு ஆறவேயில்லை.

அங்கே வாக்கு மனையோடு ஒட்டியது. குறிப்பிட்ட சில மனைகள் யார் கையில் இருக்கின்றனவோ அவர்களுக்குத்தான் வாக்கு. 1831இல் நடந்த கடைசித் தேர்தலில் வாக்காளர்கள் 11 பேர். எல்லோருமே வேறு ஊர்களில் வசித்தவர்கள். இந்த மேடு பிட் என்ற குடும்பத்தின் சொத்தாக இருந்தது; 1802இல் அவர்கள் இதை 60,000 பவுண்டுக்கு விற்றார்கள். புல் முளைத்த மேட்டுக்கா அந்த விலை? இரண்டு நாற்காலிகளுக்கு.

இப்படிப்பட்ட தொகுதிகளை ஆங்கிலத்தில் 'ராட்டன் பரோ' (rotten borough) என்பார்கள். அதை நான் 'அழுகிய தொகுதிகள்' என்று எழுதியிருந்தேன். மூத்த பதிப்பாசிரியர் அதை அடித்துவிட்டு 'உளுத்த' என்று போட்டார். "பழம் அழுகினா நாத்தமே காட்டிக் கொடுத்துடும் தம்பி. இது உத்திரம் மாதிரி. பார்க்க மரமாத்தான் இருக்கும், தட்டினாத்தான் மாவு கொட்டும்" என்றார். இன்றுவரை அந்தச் சொல்லைத்தான் பயன்படுத்துகிறேன்.

அப்புறம் அவர் விரல் அடுத்த பத்தியில் நின்றது. தாமஸ் பிட், 1698 முதல் 1709 வரை நம் புனித ஜார்ஜ் கோட்டையில் ஆளுநர். இங்கே வாங்கிய பெரிய வைரத்தால் பேர் பெற்றவர். வைரம் விற்ற பணத்தில் ஓல்டு சாரத்தை வாங்கினார் என்று எழுதியிருந்தேன். கதை அவ்வளவு அழகாகப் பொருந்தியதால் சந்தேகமே வரவில்லை.

"சரி, வருஷத்தையெல்லாம் வரிசையா எழுதுங்க" என்றார்.

ஓரத்தில் எழுதினேன். மேட்டை வாங்கியது 1690 வாக்கில், கிழக்கிந்தியக் கம்பெனியின் அனுமதியில்லாமல் வணிகம் செய்து சேர்த்த காசில். வைரத்தை மகன் ராபர்ட்டிடம் கொடுத்து அனுப்பியது 1702. அது பிரான்சுக்கு விலைபோனது 1717. எழுதி முடித்ததும் அந்த வரியை நானே அடித்தேன்.