18 ஆம் தேதியின் சங்கீதம்

என் பாட்டி வேதாகமத்திலுள்ள ஜெபப் பாடல்களான 150 சங்கீதங்களையும் நாளுக்கு ஐந்தாகப் பிரித்துக்கொண்டு, மாதந்தோறும் ஒருமுறை முழுவதுமாக வாசித்து முடிப்பார். பிப்ரவரி மாதத்தில் எஞ்சியவற்றைக் கடைசி நாளில் சேர்த்து வாசித்துவிடுவார். 31 நாள்கள் உள்ள மாதங்களின் கடைசி நாளுக்கு மட்டும் இந்தக் கணக்கில் எதுவும் மிஞ்சாது. அன்று எதை வாசிப்பது என்று முடிவுசெய்யும் உரிமையை எனக்குத் தந்திருந்தார். நான் ஒவ்வொரு முறையும் 117 ஆம் சங்கீதத்தையே கேட்பேன், ஏனெனில் அதில் இரண்டே வசனங்கள்தாம் உள்ளன. பாட்டி மறுத்ததேயில்லை.

அவருடைய கண்பார்வை மங்கத் தொடங்கியபோது எனக்கு எட்டு வயது. அன்றிலிருந்து வாசிப்பது என் பொறுப்பாயிற்று. 24 ஆம் தேதி வந்தாலே எனக்குக் கலக்கமாக இருக்கும். அன்று 116 முதல் 120 வரை வரும், அதாவது 119 ஆம் சங்கீதத்தின் 176 வசனங்களையும் சேர்த்து மொத்தம் 233 வசனங்கள். எபிரெய எழுத்துகளின் வரிசையில் 22 பகுதிகளாக அமைந்த அந்தச் சங்கீதத்தின் ஒவ்வொரு பகுதிக்கும் மேலே ஓர் எழுத்தின் பெயர் இருக்கும். ஆலேப், பேத், கிமெல் என்று பொருள் தெரியாமலேயே உரக்கச் சொல்லிக்கொண்டு போவேன். நடுவில் குரல் கம்மினால் தண்ணீர் கொடுத்து உட்கார்ந்திருப்பாரே தவிர, மீதியை நாளைக்கு வைத்துக்கொள்ளலாம் என்று ஒருநாளும் சொன்னதில்லை. நீளமானது என்பதற்காகவோ, புரியவில்லை என்பதற்காகவோ, மனத்துக்கு இதமாக இல்லை என்பதற்காகவோ எதையும் தாண்டிச் செல்லாமல் வாசிக்க வேண்டும் என்பதில் அவர் உறுதியாக இருந்தார்.

மனத்துக்கு இதமாக இல்லாதது 18 ஆம் தேதிக்குரியது. அன்று 86 முதல் 90 வரை வாசிக்க வேண்டும். நடுவில் ஏமானின் பெயரால் வழங்கும் 88 ஆம் சங்கீதம் நிற்கிறது. புலம்பலாகத் தொடங்கும் சங்கீதங்கள் பெரும்பாலும் நம்பிக்கையில் முடியும். 13 ஆம் சங்கீதம் எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர் என்று கேட்டுத் தொடங்கினாலும், ஆறே வசனங்களுக்குள் பாட்டுப் பாடுவதில் முடிந்துவிடுகிறது. 88 ஆம் சங்கீதத்திலோ அந்தத் திருப்பம் வருவதேயில்லை. நண்பர்கள் விலகிப்போனதைச் சொல்லி, இருளிலேயே அது நின்றுவிடுகிறது. பத்து வயதில் ஒருநாள் அதை வாசித்து முடித்தபோது, அச்சிட்டவர்கள் ஏதோ ஒரு வசனத்தை விட்டுவிட்டார்கள் என்றே எண்ணி, "பாட்டி, இது ஏன் இப்படி முடிகிறது?" என்று கேட்டேன். "முடியவில்லை, கண்ணு. அவர் இன்னும் கர்த்தரோடுதான் பேசிக்கொண்டிருக்கிறார்" என்றார். அதற்கு மேல் விளக்கம் எதுவும் சொல்லவில்லை. அடுத்ததை வாசிக்கச் சொன்னார்.

இன்னொரு நாளையும் நான் மறக்கவில்லை. நான் செய்யாத ஒரு தவறுக்காக என்னைக் கடுமையாகத் திட்டிவிட்டார். உண்மை பிறகு தெரிந்திருக்கிறது. மறுநாள் காலை நான் வேதாகமத்தைத் திறந்தபோது என் கையைப் பிடித்து நிறுத்தி, "நேற்று நான் செய்தது தப்பு. நீ என்னை மன்னித்தால்தான் நான் ஜெபம் பண்ண முடியும்" என்றார். காணிக்கையைப் பலிபீடத்தின் முன் வைத்துவிட்டுப் போய், முதலில் சகோதரனோடு ஒப்புரவாகு என்று மத்தேயு ஐந்தாம் அதிகாரத்தில் இயேசு சொன்னதை, எழுபதைத் தொட்ட அந்த அம்மா ஒரு சிறுபிள்ளையிடம் அப்படியே செய்தார். ஞாயிறு பள்ளியில் மன்னிப்பைப் பற்றி எத்தனையோ பாடங்கள் கேட்டிருக்கிறேன். இன்று அவற்றில் ஒன்றும் என் நினைவில் இல்லை.

பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தின் தொடக்கத்தில், அவனிடமுள்ள "மாயமற்ற விசுவாசம்" முதலில் அவன் பாட்டி லோவிசாளிடமும் பிறகு தாய் ஐனிக்கேயாளிடமும் நிலைத்திருந்ததாகக் குறிப்பிடுகிறார். புதிய ஏற்பாடு முழுவதிலும் பாட்டி என்ற சொல் வருவது இந்த ஓரிடத்தில் மட்டுமே. மாயமற்ற என்று தமிழில் பெயர்க்கப்பட்ட கிரேக்கச் சொல்லின் வேர், மேடை நடிகனைக் குறிக்கும் சொல்லில் இருக்கிறது; முகமூடி அணிந்து வேறொருவராகப் பேசாத விசுவாசம் என்று அதை நான் புரிந்துகொள்கிறேன். லோவிசாள் என்ன செய்தார், எப்படிக் கற்பித்தார் என்று பவுல் ஒரு வரிகூடச் சொல்லவில்லை. ஆனாலும் அந்தச் சொல்லை வாசிக்கும்போதெல்லாம், என் கையைப் பிடித்து நிறுத்திய அந்தக் கைதான் என் நினைவுக்கு வருகிறது.

தேவனுக்குப் பிள்ளைகள் உண்டு, பேரப்பிள்ளைகள் இல்லை என்று பிரசங்கங்களில் சொல்வார்கள். ஒவ்வொருவரும் தாமே விசுவாசிக்க வேண்டும் என்ற பொருளில் அது சரியே. ஆனால் என் வாழ்க்கையில் நடந்ததை அந்த வாக்கியத்துக்குள் என்னால் அடக்க முடியவில்லை.

எனக்கு இருபத்திரண்டு வயதானபோது என் தாய் இறந்தார். பாட்டிக்கு அவர் ஒரே மகள். அதன்பின் என்னால் விசுவாசிக்க முடியவில்லை. ஆராதனைக்குப் போவதை நிறுத்தினேன், ஜெபிப்பதை நிறுத்தினேன். ஆனால் பாட்டிக்கு அப்போது எழுத்துகள் அறவே தெரியாமல் போயிருந்ததால், வாசிப்பதை மட்டும் நிறுத்த முடியவில்லை. துக்கத்தின் முதல் வாரங்களில் அவரும் வாய்விட்டு ஜெபிக்கவில்லை. "எனக்கு வார்த்தை வரவில்லை, நீ வாசி, அது போதும்" என்று என்னிடம் வெளிப்படையாகவே சொன்னார். மகளை இழந்த ஒரு தாய், எல்லாம் தேவ சித்தம் என்று என்னைத் தேற்ற முயன்றிருந்தால், அன்றே அந்தப் புத்தகத்தை மூடி வைத்திருப்பேன் என்று நினைக்கிறேன். வார்த்தையற்ற அவருக்கு வார்த்தைகளும் விசுவாசமற்ற எனக்கு ஒரு விசுவாசியின் அருகாமையும் தேவைப்பட்டன. ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் இருவரும் அப்படியே உட்கார்ந்திருந்தோம். நான் நம்பாமல் வாசிக்கிறேன் என்பது அவருக்குத் தெரியும். ஒருமுறையும் அதைப் பற்றி என்னிடம் வாதாடவில்லை.

நான்காம் நூற்றாண்டில் வாழ்ந்த பெரிய பசிலியார், தம் பாட்டி மக்ரீனாவைக் கடிதங்களில் நன்றியோடு நினைவுகூர்ந்திருக்கிறார். கிறிஸ்தவர்கள் துன்புறுத்தப்பட்ட காலத்தில் கணவரோடு பொந்து நாட்டின் மலைக்காடுகளில் சுமார் ஏழு ஆண்டுகள் ஒளிந்து வாழ்ந்தவர் மக்ரீனா. சிறுவயதில் தாயிடமும் அந்தப் பாட்டியிடமும் பெற்ற தேவனைப் பற்றிய அறிவைத் தாம் பிற்பாடு மாற்றிக்கொள்ளவில்லை என்றும், விதை வளர்ந்து பெரிதானாலும் வேறொன்றாகிவிடாததுபோல அதுவே தம்முள் வளர்ந்தது என்றும் பசிலியார் எழுதுகிறார். பெரும் இறையியலாளர் ஒருவர், தம் உபதேசம் சந்தேகிக்கப்பட்ட வேளையில், பாட்டியைச் சாட்சியாக நிறுத்தியது எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

என்னுள் விதை எப்போது அசைந்தது என்று தேதி குறிப்பிட முடியாது. 18 ஆம் தேதிகள் வந்து போய்க்கொண்டிருந்தன. ஏதோ ஒரு மாதத்தில், 88 ஆம் சங்கீதத்தைப் பாட்டிக்காக அல்லாமல் எனக்காகவே வாசிக்கிறேன் என்பதை உணர்ந்தேன். தாயை இழந்ததைப் பற்றி நான் யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்த கோபமெல்லாம் அதில் ஏற்கெனவே எழுதப்பட்டிருந்தது. அதுவும் தேவனை நோக்கியே எழுதப்பட்டிருந்தது. பத்து வயதில் கேட்ட பதிலின் பொருள் அன்றுதான் எனக்கு விளங்கியது.

பாட்டி உயிரோடிருந்த கடைசி ஆண்டில் ஒரு மாதத்தின் 31 ஆம் நாள் வந்தது. அப்போது அவர் படுக்கையில் இருந்தார். என்ன வாசிக்கப்போகிறாய் என்று வழக்கம்போலக் கேட்டார். 117 என்ற பதிலை எதிர்பார்த்திருப்பார். நான் 88 என்றேன். அவர் சிறிது நேரம் பேசவில்லை. நான் வாசித்து முடித்ததும், "முதல் வசனத்தை இன்னொரு தடவை வாசி, கண்ணு" என்றார். என் இரட்சிப்பின் தேவனாகிய கர்த்தாவே என்று மறுபடியும் தொடங்கினேன்.